கஞ்சி போட்ட சாண்ட்விச்

மாட்டுக்கறி சாண்ட்விச்சுக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, ஓரம் கலையாமல் ஆறு பேருக்கு இரவுச் சாப்பாடு போட்டவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் யாரும் செய்ததில்லை. எனக்குப் பின்னாலும் யாரும் செய்யப் போவதில்லை. அதற்கு வேண்டிய கைத்திறனும் அதற்கு வேண்டிய மடத்தனமும் ஒரே ஆளிடம் சேர்ந்து அமைவது அபூர்வம்.

நான் எது சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு விதி. என் மனைவி முக்கால்வாசியைக் கழிப்பாள். அவள் தம்பி முழுசையும் கழித்துவிட்டு, மேற்கொண்டு கழிக்க ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எதையும் கழிக்காதீர்கள். முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தாறு வருஷம் ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்தவன். நான் தேய்த்த சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலா வரைக்கும் போகும். போகிற வழியில் ஒன்றுகூடக் கசங்காது. நான் தேய்த்த கால்சட்டை மடிப்பில் விரலை வெட்டிக்கொண்டு கட்டுப் போட்ட வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. ஓய்வு பெற்ற அன்று முதலாளி, நான் கடைசி பத்து வருஷம் பிடித்த இஸ்திரிப் பெட்டியையே காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். மூன்று கிலோ கனம். அடித்தகட்டில் நீராவி வர முப்பத்தொரு துளை. மூக்கிலிருந்து எண்ணினால் இடது பக்கம் மூன்றாவது துளை மட்டும் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அடைத்து, தகட்டோடு தகடாகக் கல்லாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

என் மருமகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போய் மதியம் வந்துவிடுவாள். நாலு வருஷமாக அவள் கண் மாலை ஷிஃப்டின் பொறுப்பாளர் நாற்காலியில். மதியம் இரண்டு மணிக்குப் போனால் இரவு பத்து மணி வரை அந்த இடமே அவள் கையில். போன மாதம் அந்த நாற்காலி காலியானது. வருகிறாயா என்று அவளைக் கேட்டார்கள். வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கேட்பார்கள்.

சிக்கல் இரவுச் சாப்பாடுதான். அதைச் சமைப்பவள் அவள். என் மனைவி பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருக்கிறாள். வீடு வந்து சேர ஏழு மணிக்கு மேல் ஆகும். என் மகன் சாமான் வண்டி ஓட்டுகிறான், அவனும் அப்படித்தான். எங்கள் பேரப்பிள்ளை, அந்த வாண்டுக்கு ஆறு வயது. ஏழரைக்குத் தட்டு வராவிட்டால் ஏழே முக்காலுக்கு மேஜையிலேயே தலை வைத்துத் தூங்கிவிடும். அப்புறம் நடுராத்திரி எழுந்து பசிக்கிறது என்று வீட்டையே எழுப்பும்.

இதைப் பற்றி இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் பேசினார்கள். என்னைத் தவிர எல்லோரையும் பற்றி யோசித்தார்கள். பக்கத்து வீட்டைக்கூட யோசித்தார்கள்.

"ஏன், நான் ஒருத்தன் நாள் பூரா வீட்லதானே இருக்கேன்?" என்றேன்.

 என் மகனுக்குத் தண்ணீர் புரையேறியது.

"அப்பா, போன தடவ நீங்க முட்ட அவிச்சது ஞாபகம் இருக்கா?"

"ஒரு முட்டைதாண்டா வெடிச்சுது."

"ஆறு," என்றாள் என் மனைவி. "மேல்கூரைல இன்னும் ஒரு மஞ்சக்கரு இருக்குங்க. நிமிந்து பாருங்க."

நான் நிமிரவில்லை. எதிர்வீட்டு நாய் இன்றைக்கும் எங்கள் கதவைக் கண்டால் சுவரோரமாக ஒதுங்கிப் போவது எனக்கே தெரியும்.

என் மைத்துனன் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாதவன். இரண்டு மாடிக்கு மேலே குடியிருக்கிறான். இரவுச் சாப்பாடு எங்களோடு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சேதம் பார்த்துச் சொல்லும் வேலை. கார் இடித்தது, கிடங்கு எரிந்தது, கப்பலில் வந்த கண்ணாடி உடைந்தது என்று யாராவது எழுதிக் கொடுத்தால், இவன் போய்க் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவான். பத்துக்கு ஒன்பது அறிக்கையில் கடைசி வரி ஒன்றேதான்: மேற்படி சம்பவம் நடந்ததாகக் கருத முகாந்திரம் இல்லை. அந்த வரியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கொண்டுவருவான். பேருந்தில் ஒரு இளம்பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள் என்று சொன்னேன். "முகாந்திரம் இல்ல அத்தான்" என்றான்.

"அத்தான் சமைச்சு நாம சாப்பிட்டு, மறுநாள் எல்லாரும் உயிரோட இருந்தா, அந்த அறிக்கைய நானே சட்டம் போட்டு மாட்டுறேன்," என்றான் இப்போது.

"மாப்ளே, நீ ஆணி வாங்கி வெச்சுக்கோ," என்றேன்.

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. "வியாழக்கிழம எனக்கு லீவு மாமா. அன்னிக்கு ஒரு தடவ பாத்துடலாம். நான் ஹால்ல உக்காந்திருப்பேன், சமையல்கட்டுப் பக்கம் திரும்பக்கூட மாட்டேன். ஏழரைக்குச் சூடா சாப்பாடு மேஜைக்கு வந்துட்டா, எட்டுக்குள்ள சரின்னு மெசேஜ் அனுப்பிடுறேன். வரலேன்னா முடியாதுன்னு அனுப்பிடுறேன். அதுக்கப்புறம் இதப்பத்தி யாரும் பேச வேணாம்."

கடைசி வாக்கியத்தை அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் எதையும் பெரிதாக்கிச் சொல்பவன். இதை மட்டும் உள்ளபடி சொல்கிறேன்: அவளுக்கு அந்த வேலை வேண்டும்.

என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் கொத்துக்கறி சாண்ட்விச் என்று முடிவு செய்தேன். கறியை வதக்கு, ரொட்டிக்குள் வை, மூடு. மூன்றே வேலை. ஒரு முழுக்கைச் சட்டை தேய்க்கவே ஒன்பது வேலை இருக்கிறது; இதற்கு மூன்று என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வழக்கமாக வருவது மருமகள்.

"முக்கா கிலோ மாட்டுக்கறி. கொத்துக்கறியா அரைச்சுக் குடுங்க."

"கொழுப்பு எவ்வளவு சேக்கட்டும்?"

"வீட்ல ஒருத்தருக்கு ஏற்கெனவே ஜாஸ்தின்னு என் பொண்டாட்டி சொல்றா. கொஞ்சமா போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு தரம் அரைத்துக் கொடுத்தார். "சட்டிய நல்லா காய வெச்சு, எண்ண இல்லாம போடுங்க பெரியவரே. கிளறிக்கிட்டே இருக்காதீங்க. அது பாட்டுக்கு செவக்கட்டும்." இருபது வருஷமாகக் கறி வெட்டுகிறவர் சொன்னது. கேட்டுக்கொண்டேன்.

மதியம் எனக்குக் கை பரபரத்தது. சமையல்கட்டை ஒட்டி, துணி காயப்போட ஒரு சின்ன அறை இருக்கிறது. என் இஸ்திரி மேஜையும் பெட்டியும் அங்கேதான். சோளமாவைக் கரைத்துக் காய்ச்சி, தெளிய வைத்து, போன வாரம் வாங்கிய புதுத் தெளிப்பான் பாட்டிலில் ஊற்றி, மருமகளின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தேன். யாரும் தேய்க்கச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலை ஷிஃப்டுக்குப் போனால் தேவைப்படுமே என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். காலர் நின்ற நிற்பைப் பார்த்திருந்தால் ராணுவத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். கோட்டை அங்கேயே ஆணியில் மாட்டினேன்.

ஆறு மணிக்குச் சமையல்கட்டுக்குள் போனேன். ஹாலில் மருமகள் சோபாவில் உட்கார்ந்து, கையை மடியில் கோத்துக்கொண்டாள். போனில் இரண்டு பதிலையும் எழுதி வைத்துவிட்டாளாம். ஒன்றை அனுப்பி மற்றதை அழிக்க வேண்டியதுதான் பாக்கி. வாண்டு அவள் காலடியில் படம் வரைந்துகொண்டிருந்தது.

நான் நான்கு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினேன். அழுதேன். பூண்டு நசுக்கினேன். சட்டியைக் காய வைத்துக் கறியைப் போட்டேன். சுர்ர் என்று அது போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது. கறிக்கடைக்காரர் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடி சிவந்தது. புரட்டினேன். வெங்காயம், பூண்டு, உப்பு, மிளகு. கடைசியில் மூன்று தக்காளி போதும் என்று இருந்தது, ஐந்து போட்டேன். கை தாராளம். அங்கேதான் முதல் பிசகு. கறி உதிரியாக இருக்க வேண்டியது கொழகொழவென்று ஆகிவிட்டது. சரி, இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் வற்றிவிடும், அப்புறம் தோசைக்கல்லில் ரொட்டியை வாட்டி, சீஸ் வைத்து மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்கு அடுப்பு ஒரு தரம் இருமியது. தீ மஞ்சளாகி, சின்னதாகி, நின்றுவிட்டது.

பதறாமல் மாற்று சிலிண்டரைத் தூக்கினேன். தூக்கும்போதே தெரிந்துவிட்டது. பிறந்த குழந்தை அதைவிடக் கனமாக இருக்கும். காலி சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று என் மனைவி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆகட்டும், ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதும் நடந்தது, நான் சொன்னதும் நடந்தது; சிலிண்டர் மட்டும் வரவில்லை.

நப்பாசையில் அடுப்பைத் திருகிப் பார்த்தேன். க்ளிக், க்ளிக், க்ளிக்.

"மாமா, என்ன சத்தம்?" ஹாலிலிருந்து மருமகள்.

"சமையல்னா சத்தமில்லாம இருக்குமா?"

"க்ளிக் க்ளிக்னு கேக்குதே."

"அது வெங்காயம்மா."

 சோபா ஸ்பிரிங் முனகியது. எழுந்து, மறுபடி உட்கார்ந்திருக்கிறாள்.

கறி வெந்துவிட்டது, அதில் குறை இல்லை. ஆனால் ரொட்டி பச்சையாக இருந்தது. அந்தக் கொழகொழக் கறியைப் பச்சை ரொட்டியில் வைத்தால் மேஜைக்குப் போவதற்குள் கரைந்து கையோடு வந்துவிடும். நனைந்த ரொட்டியை வாண்டு தொடாது. சீஸும் உருகாது. ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒன்று வீட்டில் இருந்தது. போன மாதம் நான் அதை ரிப்பேர் செய்தேன். அதிலிருந்து அது இல்லை.

கடையில் சொல்லி வரவழைக்கலாமா என்று நினைத்தது நிஜம். போனைக்கூட எடுத்தேன். அந்தப் பக்கம் சோபாவில் ஒருத்தி கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போனைக் கீழே வைத்தேன்.

அப்போது சின்ன அறையில் அந்த வெள்ளைக் கோட்டு கண்ணில் பட்டது. அதற்குக் கீழே என் பெட்டி.

கதவைச் சாத்தினேன். கறிக்கு இஸ்திரி போடுவதை மூன்றாம் மனிதர் பார்க்கக்கூடாது. பெட்டியிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கெட்டிப் பருத்திக்கு வைக்கும் முழுச் சூட்டில் வைத்தேன். மேஜையில் சலவைத் துணி விரித்து, அதன்மேல் அலுமினியத் தாள் போட்டேன். பெட்டியின் அடி முழுசும் அடங்கும் பெரிய ரொட்டி, ஒரு சீஸ், நடுவில் கறி, இன்னொரு சீஸ், மேலே ரொட்டி. கேக்குக்கு அடியில் போடுகிற பட்டர் பேப்பரில் சுற்ற வேண்டியது, அழுத்த வேண்டியது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு வெள்ளைப் பொருள் இஸ்திரி மேஜைமேல் சதுரமாகப் படுத்திருந்தால், முப்பத்தாறு வருஷப் பழக்கம் உள்ள இடது கை என்ன செய்யும்? என்னைக் கேட்காமல் பாட்டிலை எடுத்தது. ஷ்ஷ், ஷ்ஷ், ஷ்ஷ். மூன்று தெளிப்பு. காலருக்குப் போடும் அளவு. கையோடு திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கமும் மூன்று.

பாட்டிலைக் கீழே வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

இரண்டு நிமிஷம் நின்றேன். மடையா, ரொட்டிக்குக் கஞ்சி போட்டுவிட்டாயே என்று என்னை நானே வைதேன். பிறகு யோசித்தேன். பாட்டில் புதுசு. உள்ளே இருப்பது சோளமாவும் தண்ணீரும்; நானே காய்ச்சினது. நீலம் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. போட்டிருந்தால் இந்தக் கதையை ஜெயிலிலிருந்துதான் எழுதிக்கொண்டிருப்பேன். மாவு ரொட்டியில்தான் இருக்கிறது, அதற்கு மேலேயும் கொஞ்சம் இருந்தால் என்ன? விரலில் தெளித்து நக்கிப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை. மணி ஏழாகி எட்டு நிமிஷம்.

பேப்பரைச் சுற்றினேன். அழுத்தினேன்.

இங்கே ஒரு தொழில் விஷயம். சட்டையைத் தேய்ப்பது வேறு, கோட்டை அழுத்துவது வேறு. சட்டையில் பெட்டியை இழுக்கலாம். கோட்டில் இழுத்தால் துணி பளபளத்துப் போகும். வைத்து, அழுத்தி, அப்படியே நேராக மேலே எடுக்க வேண்டும். ரொட்டியும் கோட்டு ஜாதிதான். இழுத்தால் கிழியும். முதலில் பெட்டியின் மூக்கால் நாலு ஓரத்தையும் அழுத்தினேன், காலர் முனையை அழுத்துவது போல. ஓரம் ஒட்டிக்கொண்டது, கொழகொழக் கறி உள்ளே சிறைப்பட்டது. பிறகு முழுப் பெட்டியையும் நடுவில் வைத்து, ஒரு நிமிஷம். ஸ்ஸ்ஸ் என்றது. திருப்பிப் போட்டு, அதே இடத்தில் ஒரு நிமிஷம்.

பேப்பரைப் பிரித்தேன். என் ஆயுளில் நான் தேய்த்த எதுவும் அந்த நிறத்தில் வந்ததில்லை. வந்திருந்தால் வேலை போயிருக்கும். பொன் நிறம். நகத்தால் தட்டினேன். டக் டக் என்றது. கஞ்சி காய்ந்து, மேல்பரப்பு மொறுமொறுவென்று நின்றது. தெரியாமல் செய்த தப்பை இப்போது தெரிந்தே ஏழு தரம் செய்தேன். மொத்தம் எட்டு சாண்ட்விச். முடிந்ததை முடிந்ததன்மேல் அடுக்கி, கெட்டித் துண்டால் மூடினேன், தேய்த்த சட்டைகளை அடுக்குவது போல.

ஏழு இருபத்தொன்பதுக்குத் தட்டை மேஜையில் வைத்தேன். மனைவியும் மகனும் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருந்தார்கள். மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

முதலில் கடித்தது வாண்டு. எல்லோரும் அதன் வாயைப் பார்த்தோம்.

"தாத்தா, இது சத்தம் போடுது!" என்றது. மறுபடி கடித்தது, சத்தம் கேட்பதற்காகவே.

மகன் ஒன்றை முடித்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டுதான் பேசினான். "அப்பா, இது நெஜமாவே நல்லா இருக்குப்பா." என் மனைவி மேல்கூரை மஞ்சள்கருவை ஒரு தரம் பார்த்தாள், அதை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். மருமகள் பாதி சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்து, போனை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து என் மைத்துனன் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினான்.

"எந்தக் கடை?" என்றான்.

"எந்தக் கடையும் இல்ல. என் கை."

"அத்தான், இந்த மொறுமொறுப்பு வீட்டு அடுப்புல வராது. மெஷின்ல அழுத்துன மாதிரி இருக்கு. ஓரம் எல்லாம் ஒட்டிருக்கு பாருங்க. இது கடைச் சரக்கு. பின்வாசல் வழியா வந்திருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் மருமகளின் கட்டைவிரல் போன்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"மாமா," என்றாள் மெதுவாக, "எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. ஏழு மணிக்கு அடுப்பு பத்தல. க்ளிக் க்ளிக்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம் அடுப்புச் சத்தமே இல்ல. நீங்க கதவ வேற சாத்திட்டீங்க. கேஸ் இல்லாம இவ்வளவு சூடா எப்படி வந்துச்சு?"

"அதாம்மா..."

"ஒரு நாள் கடைல வாங்கிடலாம் மாமா. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா மாசம் இருபத்திரண்டு நாள் வாங்க முடியுமா? உண்மையச் சொல்லுங்க. இத நம்பித்தான் நான் அனுப்பணும்."

சொன்னேன். கேஸ் தீர்ந்தது, டோஸ்டர் இல்லாதது, இஸ்திரிப் பெட்டி, பட்டர் பேப்பர், கஞ்சி, எல்லாம். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

மகன் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். மைத்துனன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தான். என் மனைவி, "என்னங்க, இன்னிக்காவது வெளையாடாம இருக்கக் கூடாதா? அந்தப் பொண்ணு மொகத்தப் பாருங்க," என்றாள்.

பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மணி ஏழு நாற்பத்தொன்று. கூட்டிச் சொல்லிச் சொல்லியே பழகிய வாய்க்கு உண்மையை நிரூபிக்க வழி தெரியவில்லை.

"கஞ்சி போட்டேன்னா நம்ப மாட்டேங்கிறீங்களே! நீ பரிசோதனைக் கூடத்துல தானேம்மா இருக்க? அந்தக் கருப்பு மருந்த ஊத்திப் பாரேன், கஞ்சி இருந்தா நீலமாகும்னு நீயே சொல்லிருக்க."

"அயோடினா? ரொட்டியே மாவுதான் மாமா. எந்த ரொட்டில ஊத்தினாலும் நீலமாத்தான் ஆகும்."

"முகாந்திரம் இல்ல," என்றான் மைத்துனன். சொல்லிவிட்டு, கடையின் முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, தட்டில் மிஞ்சியிருந்த கடைசி சாண்ட்விச்சை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆசையில்தான் பிடித்தான்.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். சாண்ட்விச்சைச் சாய்த்தான், நிமிர்த்தினான். "இது என்ன புள்ளி?"

பொன் நிறத்துக்கு நடுவே வெளிறிய சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசை வரிசையாக. பெட்டியில் துளை இருக்கும் இடத்தில் தகடு ரொட்டியைத் தொடாது அல்லவா? அங்கே மட்டும் சிவக்கவில்லை. படகு வடிவத்தில் ஒரு கோடு, அதற்குள் இன்னொரு கோடு.

"அந்தப் பெட்டி எங்க?" என்றான். குரல் மாறிவிட்டது. ஆபீஸ் குரல்.

சின்ன அறைக்கு எல்லோரும் போனோம். வாண்டும் வந்தது. ஆணியில் தொங்கிய கோட்டை மருமகள் பார்த்தாள். காலரை ஒரு விரலால் தொட்டாள். 

மைத்துனன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் சூடு. தலைகீழாகக் கவிழ்த்து, கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். அந்த நாடா இல்லாமல் அவன் பல்கூட விளக்க மாட்டான். தகட்டின் நீளம், சாண்ட்விச்சில் இருந்த வடிவத்தின் நீளம், மூக்கின் சாய்வு. கறி வாசனை வீசும் சாண்ட்விச்சை ஒரு கையிலும் மூன்று கிலோ இரும்பை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, புள்ளிகளை எண்ணினான். கூடவே வாண்டும் உரக்க எண்ணியது.

"துளை முப்பத்தொண்ணு," என்றான். "ஆனா ரொட்டில முப்பதுதான் இருக்கு அத்தான்." முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. "ஒண்ணு கொறையுது. பொருந்தல."

மருமகள் மூச்சை விடும் சத்தம் கேட்டது. மணி ஏழு ஐம்பத்திரண்டு.

"எங்க கொறையுது மாப்ளே?" என்றேன்.

"மூக்குலேர்ந்து..." விரலை வைத்து எண்ணினான். "பொட்டிய இப்படித் திருப்பி, ரொட்டிமேல வெச்சா... இடது பக்கம் மூணாவது."

"இப்பப் பெட்டில அந்த எடத்தப் பாரு."

பார்த்தான். நகத்தால் சுரண்டினான். சுண்ணாம்பு கல்லாக இறுகி, தகட்டோடு மட்டமாக நின்றது. அந்த இடத்தில் துளை இல்லை. ஆகவே தகடு ரொட்டியைத் தொட்டிருக்கிறது. ஆகவே ரொட்டி சிவந்திருக்கிறது. உலகத்தில் எத்தனையோ கடைகளில் எத்தனையோ மெஷின் இருக்கலாம். இடது பக்கம் மூன்றாவது துளை அடைத்த மெஷின் ஒன்றே ஒன்றுதான்.

அவன் சாண்ட்விச்சைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தான். அங்கேயும் முப்பது. பெட்டியை மேஜையில் வைத்தான். நாடாவைச் சுருட்டினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இதற்கெல்லாம் அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு ஷெர்வானியே தேய்த்திருப்பேன்.

"சித்தப்பா," என்றாள் மருமகள். "எட்டாகப் போகுது. எனக்கு ஒரு வார்த்த போதும்."

"பொட்டி விஷயத்துல," என்றான் அவன், என்னைப் பார்க்காமல், "முகாந்திரம் இருக்கு."

அவள் போனை எடுத்தாள். கட்டைவிரல் ஒரு தரம் அழுத்தியது. மெசேஜ் போன சத்தம் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. பிறகு இன்னொரு பதிலை அழித்தாள். அதற்குச் சத்தம் இல்லை. மகன் அவள் தோளில் கை வைத்தான். என் மனைவி, "நாளைக்கு மொத வேலையா சிலிண்டருக்குச் சொல்லிடுங்க," என்றாள்.

"ஆகட்டும்," என்றேன்.

"ஆகட்டும்னு சொல்லாதீங்க. இப்பவே போன் பண்ணுங்க."

நான் போனைத் தேடிக்கொண்டிருந்தபோது மைத்துனன் சாட்சிப் பொருளைச் சாப்பிட ஆரம்பித்திருந்தான். நின்றபடியே, ஓரத்திலிருந்து. மொறுக் மொறுக் என்று அறை முழுக்கக் கேட்டது. பாதியில் நிறுத்தி, தெளிப்பான் பாட்டிலை எடுத்து, புறங்கையில் ஒரு தெளிப்புத் தெளித்து நக்கினான். சாண்ட்விச்சின் மேல்பரப்பை நகத்தால் தட்டிப் பார்த்தான். அடுத்து ஆணியில் தொங்கிய கோட்டின் காலரைத் தட்டிப் பார்த்தான். இரண்டு இடத்திலும் ஒரே சத்தம்.

"என்ன மாப்ளே, அறிக்கைக்குக் கடைசி வரி கெடச்சுதா?"

அவன் வாயில் இருந்ததை முழுங்கினான்.

"மேற்படி சம்பவம் நடந்தது," என்றான். "கஞ்சி உட்பட."